குத்தாலச் சாரல்ல டவல் காயவைக்கிற கரண்டு கம்பி: ஒரு சீசன் ஓட்டிப் பாத்துட்டு எழுதுதேன்

மொதல்லயே சொல்லிருதேன், திருநெல்வேலிச் சீமையில டவல் காயப்போட கரண்டுல சூடாகுத கம்பியான்னு சிரிக்கவங்க சிரிச்சுக்கோங்க. எங்க சகலை பாளையங்கோட்டையில இருக்காரு, அவரு போன்லயே விழுந்து விழுந்து சிரிச்சாரு, "எங்க மச்சியில போட்டா பத்து நிமிசத்துல துண்டு அப்பளமா வெறச்சிரும், நீரு கரண்டு குடுத்துக் காயப்போடுதீரா"ன்னு. அவரு சொல்லுததும் நெசந்தான், பாளையங்கோட்டைக்கு அது சரி. நாங்க இருக்கது மேலகரம், தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல. ஆனி பொறந்தாப் போதும், ஆரியங்காவு கணவாய் வழியா காத்து ஒரு தள்ளு தள்ளும், பின்னாலேயே சாரல், நாலு நாளு அஞ்சு நாளு சூரியனையே பாக்க முடியாது. மழைன்னும் சொல்ல முடியாது, வெயில்னும் சொல்ல முடியாது, பூப்பூவாத் தூவிக்கிட்டே கெடக்கும், கொடியில போட்ட துணி காலையில எப்படிக் கெடந்துச்சோ அப்படியே சாயங்காலமும் கெடக்கும், தொட்டா சில்லுன்னு இருக்கும், மோந்து பாத்தா ஒரு முடை நாத்தம்.

இது போதாதுன்னு சீசன்னா சொந்தக்காரங்க வந்துருவாங்க. குத்தாலத்துப் பக்கத்துல வீடு கட்டுனவனுக்கு ஜூன் ஜூலை ஆகஸ்டு மூணு மாசமும் வீடு சத்திரந்தான். காலையில மெயினருவி, மத்தியானம் அஞ்சருவி, ராத்திரி பார்டர் பரோட்டாவுக்கு முன்னாடி பழைய குத்தாலம்னு ஒரு நாளைக்கு மூணு குளியல், ஆளுக்கு ஒரு டவல், பட்டாசல்லேர்ந்து பொறவாசல் வரைக்கும் குறுக்க மறுக்க கயிறு, அதுல பூரா ஈரத்துண்டு, நடந்து போனா மூஞ்சியில அடிக்கும். எங்க அம்மாவுக்கு வீசிங் உண்டு, அந்த ஈர வாடை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. போன வருசம் ராத்திரி ரெண்டு மணிக்கு நெபுலைசர் வைக்க தென்காசிக்கு ஓடுன பொறவுதான் வீட்டுக்காரி இந்தக் கம்பியத் தேடிக் கண்டுபிடிச்சா, வெளிநாட்டுல குளிர் ஊர்ல எல்லா பாத்ரூம்லயும் இருக்குமாம். ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு. பேரு வேண்டாம், ஏன்னா பொருளைப் பத்திப் பெருசா குத்தம் இல்ல, மாட்ட வந்த சர்வீஸைப் பத்தித்தான் நெறைய சொல்லணும்.

பொருளு என்னன்னா ஏணி மாதிரி அஞ்சு கம்பி, ஸ்டீலு, 90 வாட்ஸ், உள்ள ஹீட்டிங் வயர் ஓடுது. சிலதுல கம்பிக்குள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம் நெறச்சிருப்பாங்க, இதுல அது இல்ல. வெல 7,499. ஐபிஎக்ஸ்4 ன்னு போட்டிருக்கு, அதாவது எந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும், ஆனா பீச்சி அடிச்சா தாங்கும்னு அர்த்தம் இல்ல, அதுக்கு ஐபிஎக்ஸ்5 வேணும். நம்ம வீட்டு பாத்ரூம்ல ஹெல்த் பாசெட்டுன்னு ஒண்ணு தொங்குதே, சின்னப் பயலுவ அதைத் துப்பாக்கி மாதிரி புடிச்சு வெளாடுவானுவ, அதை வாங்குறப்போ நான் யோசிக்கல. கூட வந்த ஸ்க்ரூ நாலும் குட்டை, டைல்ஸையும் பூச்சையும் தாண்டி செங்கல்லுக்கே எட்டாது, அதைத் தூரப் போட்டுட்டு ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் தனியா வாங்குனோம். வயரு ஒண்ணேகால் மீட்டர், மூணு கோர், பிரவுன், நீலம், பச்சையில மஞ்சக் கோடு.

அந்த மூணாவது வயர்லதான் கதையே இருக்கு.

பிரீ இன்ஸ்டலேஷன்னு போட்டிருந்தான். ஒரு தம்பி பைக்ல வந்தாப்ல, சின்ன வயசு, நல்லாத்தான் பேசுனாப்ல, குத்தம் சொல்ல மனசே வரல. பாத்ரூமைப் பாத்தாப்ல, கெய்சருக்கு இருக்க 16 ஆம்ப் சாக்கெட்டப் பாத்தாப்ல, "இதுல ஒரு கன்வெர்ஷன் பிளக் போட்டு மாட்டிரலாம் சார்"னாப்ல. கம்பியை எங்க மாட்டன்னு கேட்டதுக்கு ஷவருக்கு எதுத்தாப்ல கையைக் காட்டுனாப்ல, அங்கதான் சுவரு காலியா இருக்காம். வயரு எட்டாதுன்னதும் பையிலேர்ந்து ரெண்டு கோர் வயரு ஒரு துண்டு எடுத்தாப்ல, பிரவுனையும் நீலத்தையும் அதோட முறுக்கி டேப்பச் சுத்தப் போனாப்ல, பச்சையை நறுக்குனு கட் பண்ணி மடிச்சு விட்டாச்சு. ஏம்ப்பா அதை விட்டுட்டியேன்னு கேக்கேன், "அது எர்த்து சார், வெறும் 90 வாட்ஸ்தான, தேவைப்படாது"ன்னு சொல்லுதாப்ல.

எனக்கு கரண்டு வேலை தெரியாது, எர்த்துன்னா கசியுத கரண்டை மண்ணுக்குள்ள எறக்கி விடுத வயருன்னு மட்டுந்தான் தெரியும். ஆனா பாத்ரூம்ல, ஈரக்கையோட, வெறும் உடம்போட, ஸ்டீல் கம்பியப் புடிக்கப் போறோம், அதுல எர்த்து வேண்டாம்னா மனசு ஒப்பல. இரு தம்பின்னு நிப்பாட்டி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். போற போக்குல இன்ஸ்டலேஷன் முடிஞ்சுதுன்னு ஓடிபி கேட்டாப்ல, குடுக்கல. அதுக்கு கம்பெனியிலேர்ந்து மூணு நாளு போன் மேல போன், வேலை முடிஞ்சிருச்சா முடிஞ்சிருச்சான்னு. முடியலன்னு சொன்னா ஏன் முடியலன்னு கேக்க ஒரு ஆளு இல்ல, மறுநாளு அதே ரெக்கார்டு குரலு. சர்வீஸுக்கு அரை ஸ்டாருக்கு மேல தர மாட்டேன்.

பொறவு எங்க இலஞ்சி அண்ணாச்சியைக் கூப்புட்டேன். அறுவதைத் தாண்டுனவரு, மோட்டார் வைண்டிங் கடை வச்சிருந்தவரு, இப்போ தெரிஞ்ச வீட்டுக்கு மட்டுந்தான் வருவாரு, அதுவும் நாலு தடவ கூப்புடணும். வந்தவரு கம்பியப் பாக்கவே இல்ல, நேரா மீட்டர் பொட்டிக்குப் போயிட்டாரு. நான் பின்னாலயே போயி அந்தப் பையன் சொன்னதைச் சொன்னேன், 90 வாட்ஸ்தான்னு.

"தம்பி, வாட்ஸு கொறஞ்சா ஷாக்கும் கொறச்சலா அடிக்குமாக்கும்? ஒம்பது வாட்ஸ் பல்பு எரிஞ்சாலும் அந்தப் பொட்டியிலேர்ந்து வாரது 230 தான். கம்பிக்குள்ள இன்சுலேஷன் அந்து வயரு ஸ்டீல்ல பட்டுச்சுன்னா கம்பி பூரா 230. அது எத்தன வாட்ஸுன்னு ஒம்ம கைகிட்ட கேக்காது."

அண்ணாச்சி சுவிட்ச் போர்டைக் கழத்துனாரு. ஒரு ஹோல்டர்ல பழைய குண்டு பல்பு, ரெண்டு வயரு நீட்டிக்கிட்டு இருக்கும், எல்லா வயர்மேன் பையிலயும் கெடக்குமே அது. ஒண்ணை பேஸ்லயும் (கரண்டு வார வயரு) ஒண்ணை நியூட்ரல்லயும் (கரண்டு திரும்பிப் போற வயரு) வச்சாரு, பல்பு பளீர்னு எரிஞ்சுது. பொறவு நியூட்ரல்ல இருந்ததை எடுத்து எர்த்துல வச்சாரு. ஒண்ணுமே இல்ல. பீடி நெருப்பு அளவுக்குக் கூட இழை செவக்கல. ரெண்டு தடவ வச்சுப் பாத்தாரு, என்னை ஒரு பார்வை பாத்தாரு. (இதை நீங்க வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, கரண்டு வயர்ல கை வைக்க வேலை, தெரிஞ்சவங்க செய்யட்டும்.)

"வீட்டுக்கு எர்த்து எங்கன போட்டிருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும், வீடு அப்பா காலத்துல கட்டுனது. அம்மாதான் வந்து சொன்னாங்க, தண்ணிக் குழாய்ல ஏதோ கம்பி கட்டுனானுவன்னு. பொறவாசல்ல போயிப் பாத்தா கெடக்கு அங்க, கண்கொள்ளாக் காட்சி. செம்புக் கம்பி ஒண்ணு சுவரோட எறங்கி வருது, அதுக்கு ஒரு கிளாம்ப், கிளாம்ப் இறுக்கிப் புடிச்சிருக்கது பிளாஸ்டிக் பைப்பை! நாலு வருசத்துக்கு முன்னாடி பழைய ஜிஐ இரும்புப் பைப்பு துருப்புடிச்சு ஒழுகுதுன்னு பிளம்பரை விட்டு எல்லாத்தையும் சிபிவிசி-யா மாத்துனோம், அந்தப் புண்ணியவான் பழைய பைப்புல இருந்த கிளாம்பைக் கழத்தி, பொறுப்பா, புது பிளாஸ்டிக் பைப்புல இறுக்கி மாட்டிட்டுப் போயிருக்கான். நாலு வருசமா எங்க வீட்டுல பிரிட்ஜு, கெய்சரு, வாசிங்மெசினு எல்லாம் அந்தரத்துல எர்த்தோட ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கெய்சருக்குக் கீழ நின்னு எத்தன நாளு குளிச்சிருக்கோம்னு நெனச்சா இப்பவும் அடிவயிறு கலங்குது. குழாயை எர்த்தா நம்புனதே தப்பு, அதுலயும் அது பிளாஸ்டிக்கா மாறுனது தெரியாம இருந்தது அதவிடத் தப்பு, பழைய வீட்டுல இருக்கவங்க இதைப் படிச்சதும் எந்திரிச்சுப் போயி ஒங்க எர்த்துக் கம்பி எங்க போயி முடியுதுன்னு கண்ணால பாத்துட்டு வாங்க.

குழி தோண்ட ஒரு நாளு. முன்பக்கம் தோண்டுனா நாலடியில கடப்பாரை நங்குனு பாறையில அடிச்சுது, மலையடிவாரம்ல, வேற எப்படி இருக்கும். பொறவாசல்ல தென்னை மூட்டுக்குப் பக்கத்துல, பாத்திரம் கழுவுத தண்ணி எப்பவும் ஊறிக்கிட்டே இருக்குமே அந்த எடத்துல தோண்டுனா வெண்ணெயாட்டம் எறங்குச்சு. ரெண்டரை மீட்டர் ஜிஐ பைப்பு, சுத்தி கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, மேல தண்ணி ஊத்த ஒரு புனல் வச்சு, மூடி போட்டாச்சு. சாரல் காலத்துல இதுக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம், சித்திரை வைகாசியில ஒரு குடம் ஊத்திக்கோங்கன்னாரு. மறுநாளு ஒரு எர்த் டெஸ்டரை யாருகிட்டயோ கடன் வாங்கிட்டு வந்து அளந்தாரு, 6 ஓம் காட்டுச்சு, அது எவ்வளவு கொறைச்சலோ அவ்வளவு நல்லது. பல்பையும் வச்சுக் காட்டுனாரு, இப்போ பளீர்னு எரிஞ்சுது, அம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க.

எர்த்து வந்தாச்சு, இனி கம்பிய மாட்டலாமுல்லன்னா, இருங்கன்னு சொல்லிட்டு ஆர்சிசிபி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாரு, கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ணுத சுவிட்சு அது. பழைய ஆளுங்க இஎல்சிபின்னு சொல்லுவாங்க. 40 ஆம்ப், 30 மில்லிஆம்ப், அந்த முப்பதை மறந்துராதீங்க, 100 மில்லிஆம்ப்னும் கடையில தருவான், அது ஆளைக் காப்பாத்த இல்ல, தீப்புடிக்காம இருக்க. ஈபி-யும் வீட்டுக்கு 30 தான் போடச் சொல்லுது. கரண்டு அளவுக்கு மீறிப் போனா விழுத எம்சிபி தான் இருக்கே இது எதுக்கு அண்ணாச்சின்னு கேட்டேன், மனுசன் உக்காந்துட்டாரு, ஒரு சார்மினாரை எடுத்துக் கையில வச்சுக்கிட்டே பத்தவைக்காம பத்து நிமிசம் கணக்குச் சொன்னாரு. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லுதேன்.

எம்சிபி வயரைக் காப்பாத்த வச்சது. 6 ஆம்ப் எம்சிபின்னா ஆறையும் தாண்டிப் போனாத்தான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். மனுசன் நெஞ்சு வழியா ஒரு ஆம்ப்ல பத்துல ஒரு பங்கு போனாலே ஆளு காலி. இப்போ எர்த்து லேசா மோசமா இருக்குன்னு வைங்க, கோடையில மண்ணு காஞ்சு 100 ஓம் ஆயிட்டுன்னு வைங்க. கம்பியில பேஸ் பட்டுச்சுன்னா எர்த்து வழியா எவ்வளவு போவும்? 230-ஐ 100-ஆல வகுத்தா 2.3 ஆம்ப். எம்சிபி அதைப் பாத்துட்டு, ஏதோ அயன்பாக்ஸ் ஓடுதுன்னு நெனச்சு சும்மா இருக்கும். கம்பி கரண்டோடயே நிக்கும், எர்த்து இருந்தும்! ஆர்சிசிபி வேற சாதி, அது எவ்வளவு கரண்டு போவுதுன்னு பாக்காது, பேஸ்ல போனது பூரா நியூட்ரல்ல திரும்பி வந்துச்சான்னு மட்டுந்தான் பாக்கும். கடைக்காரன் கல்லாவ எண்ணுத மாதிரி. 30 மில்லிஆம்ப் கொறஞ்சாலும், யாரு உடம்பு வழியாவோ எந்த எர்த்து வழியாவோ போயிருக்குன்னு டப்புனு கட் பண்ணிரும், கண்ணு சிமிட்டுத நேரம் கூட ஆவாது. அப்போ 2.3 ஆம்ப்னா அதுக்கு அள்ளிக் குடுத்த மாதிரி.

சரின்னு வாங்கி வந்து மாட்டுனா, நிக்க மாட்டேங்குது. தூக்கி விட்டா விழுது, தூக்கி விட்டா விழுது. வீட்டுக்காரி மொகம் சுண்டிப் போச்சு, மாவாட்டணும், வந்தவங்களுக்கு இட்லி ஊத்தணும், கரண்டு இல்ல. பேசாம பழையபடி இருந்துரலாம்னு நானே நெனச்சேன், நெறையப் பேரு வீட்டுல இந்த எடத்துலதான் ஆர்சிசிபியைக் கழத்தி மூலையில போட்டுருவாங்கன்னாரு அண்ணாச்சி. "அது விழுதுன்னா கோளாறு அதுல இல்ல தம்பி, வீட்டுக்குள்ள எங்கயோ இருக்கு"ன்னு சொல்லி ஒவ்வொரு லைனாப் பிரிச்சுப் பிரிச்சுத் தேடுனாரு, ரெண்டு மணி நேரம். கடைசியில மாட்டுச்சு. அடுக்களையில பிரிட்ஜு பிளக்கு, போர்டைக் கழத்திப் பாத்தா சாக்கெட்டுக்குப் பின்னால நியூட்ரல்லேர்ந்து எர்த்துப் பின்னுக்கு ரெண்டு இஞ்ச் கறுப்பு வயரு ஒண்ணு. அடுக்களை எர்த்து வயரு முன்னாடி மத்ததோட சேராமத் தனியாக் கெடந்திருக்கு, புது எர்த்துல சேத்த பொறவுதான் இது ஆர்சிசிபியைத் தள்ளி விட்டிருக்கு. என்னைக்கோ பிரிட்ஜ்ல ஷாக்கடிக்குன்னு சொல்லியிருப்போம் போல, எவனோ வந்து நியூட்ரலையே எர்த்தாக் குடுத்துட்டு, சரியாப் போச்சுன்னு எரநூறு ரூவா வாங்கிட்டுப் போயிருக்கான். கம்பத்துலயோ மீட்டர்லயோ நியூட்ரல் ஒரு நாளு அந்திருந்தா, பிரிட்ஜு பாடி பூரா பேஸ் நின்னிருக்கும். அந்த ரெண்டு இஞ்ச் வயரை அண்ணாச்சி கொறட்டால புடுங்கி என் கையில குடுத்தாரு, இன்னும் டிவி ஸ்டாண்டுல வச்சிருக்கேன்.

அதை எடுத்த பொறவு ஆர்சிசிபி நின்னுருச்சு.

இப்போ கம்பி எங்க மாட்டுததுங்கிற பஞ்சாயத்து. இதுக்குன்னு உலக அளவுல ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, ஐஇசி 60364-ன்னு, அதுல பாத்ரூமை ஜோன் ஜோனாப் பிரிச்சிருக்கு. குளிக்க தொட்டி இல்லாம ஷவர் மட்டும் இருந்தா, தண்ணி வாரத எடத்துலேர்ந்து 1.2 மீட்டர் தூரமும் தரையிலேர்ந்து 2.25 மீட்டர் உசரமும் ஒரு ஜோன். அதுக்குள்ள சுவிட்சு, சாக்கெட்டு ஆகாது. டவல் கம்பி மாதிரி நெலையா மாட்டுத சாமான் ஆகும், ஆனா ஐபிஎக்ஸ்4-ஆவது இருக்கணும், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கணும். எங்க பாத்ரூம் அஞ்சுக்கு ஏழு. 1.2 மீட்டர்னா நாலடி, ஷவர்லேர்ந்து நாலடி போனா மிச்சம் மூணடி, அதுல ஒரு கதவு. அதுவும் அந்த ஸ்டாண்டர்டு எழுதுனவங்க ஷவருக்குக் கீழ அமைதியா நின்னு குளிக்கவங்கள நெனச்சு எழுதியிருப்பாங்க, நம்ம ஆளுங்க வாளியில மொண்டு மொண்டு ஊத்துனா தண்ணி உத்தரம் வரைக்கும் போவும்.

கடைசியா கதவுக்குப் பின்னால உள்ள சுவர்ல, ஷவர்லேர்ந்து ஆறடி தள்ளி, நெஞ்சு உசரத்துக்கு மேல மாட்டுனோம். ஹெல்த் பாசெட்டு டியூபை இழுத்துப் பாத்தோம், நேரா அங்க பீச்ச முடியல, கதவு மறைக்குது. வயரை பாத்ரூமுக்குள்ள எந்த ஜாயிண்டும் இல்லாம, ஒரு வளைவு கீழ தொங்கவிட்டு (தண்ணி வயரு வழியா ஓடி வந்தா அந்த வளைவுலயே சொட்டிரும், உள்ள போகாது) சுவரைத் தொளச்சு வெளிய எடுத்தாச்சு. வெளிய தார்சாவுல ஒரு பொட்டி, அதுலதான் ஜாயிண்டு, அதுலதான் சுவிட்சு. சுவிட்சு டிபி, பேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேத்து அறுக்கும். மீட்டர் பொட்டியிலேர்ந்து தனியா 1.5 எம்எம் வயரு, தனியா 6 ஆம்ப் எம்சிபி. கெய்சர் சாக்கெட்டுல ஏன் மாட்டக் கூடாதுன்னா, கெய்சர் லைனுக்கு 20 ஆம்ப் எம்சிபி, டவல் கம்பிக்கு வந்திருக்க வயரு நூலு மாதிரி, அந்த நூலு சூடாகி உருகுனாலும் 20 ஆம்ப் எம்சிபி தூங்கிட்டு இருக்கும். கலரு ஒரு குழப்பம்: கம்பியோட வயர்ல பிரவுன்தான் பேஸ், நம்ம வீட்டுல செவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். தெரியாதவன் பிரவுனைக் கறுப்புன்னு நெனச்சு மாத்திக் குடுத்துருவான். மாத்திக் குடுத்தாலும் கம்பி சூடாகும், அதான் கொடுமை, தப்பு வெளிய தெரியாது.

டைல்ஸ்ல தொளை போடத பாக்கணும், அண்ணாச்சி மேல ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஹேமரை ஆப் பண்ணிட்டு, பைய பைய சுத்தி டைல்ஸைத் தாண்டுன பொறவுதான் ஹேமரைப் போட்டாரு. ஒரு கீறல் இல்ல.

செலவுக் கணக்கு: கம்பி 7,499. எர்த்து குழி 4,500, ஆர்சிசிபி 2,300, வயரு எம்சிபி சுவிட்சு பொட்டி எல்லாம் 1,400, அண்ணாச்சி கூலி 1,500 (அதுவும் நானா கையில திணிச்சது). ஆக வயரிங் 9,700. கம்பியை விட வயரிங் கூடன்னு வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிக் காட்டுதா. எர்த்தும் ஆர்சிசிபியும் வீடு முழுசுக்கும்டி, அதைக் கம்பி கணக்குல எழுதாதன்னு நானும் சொல்லிப் பாக்கேன்.

சரி, கம்பி வேலை செய்யுதா? ஒரு சீசன் ஓடிருச்சு, ஆனியிலேர்ந்து ஆவணி வரைக்கும். பாதி வேலை செய்யுது. சுவிட்சப் போட்டு அரைமணி நேரத்துல சூடாகுது, கையில புடிச்சா அஞ்சு செகண்டு வைக்கலாம், பொறவு எடுத்துருவோம், தோல் வேகாது. பெரிய டர்க்கி டவலை ஒரே மடிப்பாப் போட்டா மூணு மணி நேரத்துல காயுது, ஆனா நாலா மடிச்சுப் போட்டா வெளிப்பக்கம் காஞ்சு உள்ள ஈரமா இருக்கும், பிரிச்சுப் போடணும். அஞ்சு கம்பின்னு சொன்னாலும் உருப்படியா ரெண்டு டவல்தான், மூணாவது வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு எதுவுமே காயாது. பத்துப் பேரு வந்து எறங்குன அன்னைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஈரிழைத் துண்டுக்கு இது தேவையே இல்ல, அது பேன் காத்துலயே காஞ்சிரும், வந்தவங்களுக்கெல்லாம் இப்போ டர்க்கி டவலை ஒளிச்சு வச்சுட்டு ஈரிழைத் துண்டைத்தான் குடுக்கோம், உண்மையச் சொன்னா பாதிப் பிரச்சினை அதுலயே தீந்துருச்சு.

ஆனா பாத்ரூம் வாடை போயிருச்சு, அதுக்காகவே வச்சுக்கலாம். அம்மாவோட டவல் ஒண்ணு, என் டவல் ஒண்ணு, ராத்திரி போட்டா காலையில மொறுமொறுன்னு இருக்கும். கரண்டு கணக்குப் பாத்தேன், 90 வாட்ஸு, ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்னா அரை யூனிட்டுக்குக் கீழ, ரெண்டு மாச பில்லுல 27 யூனிட்டு. பரவால்ல. டைமர் ஒண்ணு தார்சாப் பொட்டியில போட்டிருக்கோம், மறந்தாலும் அதுவா நின்னுரும்.

குத்தால ஆளுங்களுக்கு மட்டும் ஒரு விசயம். அருவிக்குப் போறவங்கள்ல எண்ணெய் தேச்சுக்கிடுதவங்க உண்டு, அந்த எண்ணெய்த் துண்டை அப்படியே இந்தக் கம்பியில போட்டுராதீங்க. எங்க மதுரை மாமா போட்டாரு, அரைமணி நேரத்துல வீடு பூரா வடைச்சட்டி வாடை, கம்பியில மஞ்சளா ஒரு கறை படிஞ்சு சோப்பு போட்டுத் தேச்சும் போகல. எண்ணெய்த் துணியும் சூடும் சேந்தா நல்லதில்ல, சீயக்காய் போட்டு அலசிட்டுப் போடுங்க. நைலான், ரப்பர் ஜட்டி வகையறாவும் வேண்டாம். கீழ்க்கம்பியில சின்னப் புள்ளைய தொங்கப் பாக்கும், அதுக்குத்தான் நெஞ்சு உசரத்துல மாட்டச் சொன்னது.

கம்பிக்கு மூணு ஸ்டார். போர்த் தண்ணியில குளிக்க வீட்டுல உப்புக்கறை சீக்கிரம் படியும், எங்களுக்கு ஆத்துத் தண்ணிங்கதால தப்பிச்சோம். பிரீ இன்ஸ்டலேஷனுக்கு அரை ஸ்டாரு, அதுவும் அந்தத் தம்பி மரியாதையாப் பேசுனதுக்கு. வாங்குறதா இருந்தா அந்த பிரீயை நம்பாம ஒங்க ஊரு வயர்மேனை மொதல்ல கூப்புட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லுங்க, எர்த்து சரியில்லன்னா கம்பிய பொட்டியிலேர்ந்தே எடுக்காதீங்க.

ஆர்சிசிபியில டெஸ்டுன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருக்க அமுக்கிப் பாக்கணும், அமுக்குனா விழணும், விழலன்னா மாத்தணும்னு அண்ணாச்சி சொல்லிட்டுப் போனாரு. நானும் வீட்டுக்காரியும் ரெண்டாவது மாசமே மறந்துட்டோம். அம்மா மறக்கல. அமாவாசைக்கு அமாவாசை, காக்காவுக்குச் சோறு வச்சுட்டு, கையைக் கழுவித் தொடச்சுட்டு வந்து ஸ்டூல் மேல ஏறி அமுக்குதாங்க. டப்புனு வீடு இருட்டாகும், உள்ளேர்ந்து யாராவது கத்துவாங்க, "விழுதுல, விழுது"ன்னு சொல்லிக்கிட்டே தூக்கி விட்டுட்டு எறங்கிருவாங்க.